வெள்ளையின் மேல் ஏறிய இளஞ்சிவப்பு: ஒரு ஜெர்மன் அதிகாரித் தொப்பியின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தது ஒரு தொப்பி. சாம்பல் கலந்த பச்சைக் கம்பளியில் மேற்பகுதி, கரும்பச்சைப் பட்டி, கறுப்பு அரக்கு பூசிய முன்மறைப்பு, அதன் மேல் வெள்ளி நிறத் தாடைக்கயிறு, பைப்பிங் எனப்படும் மெல்லிய விளிம்புக் கீற்று இளஞ்சிவப்பில் மூன்று வரிசை. மேற்பகுதியின் முன்னே உலோகக் கழுகு. அதன் கீழே, பட்டியின் நடுவில், கம்பி வேலைப்பாட்டில் செய்த ஓக் இலை வளையமும் அதற்குள் கறுப்பு-வெள்ளை-சிவப்பு வட்டச் சின்னமும் இருந்தன. முன்மறைப்பு வைத்த இவ்வகைத் தொப்பியை ஜெர்மானியர் ஷிர்ம்மூட்ஸ என்பர். வாங்கிய சேகரிப்பாளரிடம் விற்றவர் கொடுத்த குறிப்பு ஒரே வரிதான்: ஜெர்மன் தரைப்படையின் கவசப்படை அதிகாரி அணிந்தது, போருக்கு முந்தைய தயாரிப்பு, எதுவும் மாற்றப்படாதது. அந்த வரியில் மூன்று கூற்றுகள் அடங்கியுள்ளன. மூன்றையும் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே சோதிப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

கவசப்படை என்ற சொல்லுக்கு ஆதாரமாக இருந்தது பைப்பிங்கின் நிறம் மட்டுமே. ஹிட்லர் கால ஜெர்மன் இராணுவமான வேர்மாக்ட்டின் தரைப்படையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் உண்டு. அதை வாஃபன்ஃபார்ப என்பர். காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப்படைக்குச் சிவப்பு, குதிரைப்படைக்குப் பொன்மஞ்சள், தகவல் தொடர்புப் பிரிவுக்கு எலுமிச்சை மஞ்சள், பொறியாளர் பிரிவுக்குக் கறுப்பு, மலைப்படைக்கு வெளிர் பச்சை, மருத்துவப் பிரிவுக்கு நீலம், கவசப்படைக்கும் பீரங்கி வண்டி எதிர்ப்புப் பிரிவுக்கும் இளஞ்சிவப்பு. தொப்பியில் இந்த நிறம் மூன்று இடங்களில் ஓடும்: மேல்வட்டத்தின் விளிம்பில் ஒன்று, பட்டியின் மேலும் கீழும் ஒவ்வொன்று. காலாட்படை எண்ணிக்கையில் பெரியது. ஆகவே வெள்ளைப் பைப்பிங் தொப்பிகள் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. கவசப்படையின் இளஞ்சிவப்பு அரிது. சந்தையில் அதன் விலை பல மடங்கு. ஒரே தையற்கூடத்தில், ஒரே துணியில், ஒரே ஆண்டில் தைத்த இரண்டு தொப்பிகளுக்கு இடையே இவ்வளவு விலை வேறுபாட்டை ஏற்படுத்துவது மூன்று மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு கம்பளி விளிம்பு என்றால், ஏமாற்றுகிறவரின் கை முதலில் எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பக்கத்தையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாற்றம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மோசடி என்று முடிவு கட்டுவது இத்துறையில் அடிக்கடி நேரும் தவறு. இத்தொப்பிகள் அணியப்பட்ட காலத்திலேயே, அரசு ஆணைப்படியே, பலமுறை மாற்றப்பட்டன. 1933 மார்ச்சில், முதல் உலகப் போருக்குப் பின் அமைந்த வைமார் குடியரசின் சின்னம் நீக்கப்பட்டு, பேரரசுக் காலத்தின் கறுப்பு-வெள்ளை-சிவப்பு வட்டச் சின்னம் மீண்டும் வந்தது. 1934 பிப்ரவரியில், பாதுகாப்பு அமைச்சர் பிளோம்பெர்க் காலத்தில், ஸ்வஸ்திகாவைக் கால்களில் பற்றிய கழுகு இராணுவ உடையில் ஏறியது. அதற்கு முன் தைத்த தொப்பிகளை யாரும் தூக்கி எறியவில்லை. பழைய சின்னத்தைக் கழற்றி, அதே துணியில் புதிய துளையிட்டுப் புதியதைக் குத்தினார்கள். பதவி உயர்வு பெற்றவர்களும் அப்படியே. படைவீரரும் கீழ்நிலை அலுவலரும் கறுப்புத் தோல்வாரும், அதிகாரிகள் வெள்ளி நிற அலுமினியக் கயிறும், தளபதிகள் பொன் நிறக் கயிறும் அணிந்தனர். அதிகாரிகள் உடையைத் தம் பணத்தில் வாங்க வேண்டியிருந்ததால், நல்ல நிலையில் உள்ள சொந்தத் தொப்பியின் வாரைக் கழற்றிக் கயிற்றை மாட்டிக்கொள்வது சிக்கனம். ஆகவே 'இது மாற்றப்பட்டதா' என்ற கேள்வி பெரும்பாலும் பயனற்றது. எப்போது மாற்றப்பட்டது, எந்த வரிசையில் மாற்றப்பட்டது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

நான் தொப்பியைப் பார்க்கத் தொடங்கும்போது முன்பக்கச் சின்னங்களை ஒரு காகிதத்தால் மூடிவிடுவது வழக்கம். கழுகும் வளையமும் கண்ணை இழுத்து, மற்ற எல்லாவற்றையும் தமக்குச் சாதகமாகப் பார்க்க வைத்துவிடும். தொப்பியிலேயே மிக எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய உறுப்பும் அவையே. சின்னத்தைக் கடைசியில் பார்ப்பதுதான் நல்லது. தொப்பியின் வயதைச் சொல்லும் உறுப்புகள் உள்ளே இருக்கின்றன.

முன்மறைப்பு வல்கன் ஃபைபரால் ஆனது. காகித அடுக்குகளை வேதிமுறையில் இறுக்கிச் செய்யப்படும் இந்தப் பொருள் பல பத்தாண்டுகளில் மெல்ல இறுகும்; மேலே பூசிய அரக்கில் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். இங்கே வெடிப்புகள் இருந்தன, அவை முன்மறைப்பு வளையும் திசைக்கு ஏற்பப் பரவியிருந்தன. அடிப்புறத்தில் குறுக்குக் கோடுகள் அழுத்திய பழுப்பு மேற்பரப்பு, விரலும் நெற்றியும் பட்ட இடங்களில் மட்டும் கருத்திருந்தது. பிளாஸ்டிக் முன்மறைப்பு இப்படிப் பழுக்காது. வியர்வைத் தோல் மெல்லிய பழுப்புத் தோல். நெற்றி படும் பகுதியில் இறுகிச் சுருங்கி, பின்பகுதியில் இன்னும் நெகிழ்வாக இருந்தது. தேநீரிலோ காப்பியிலோ நனைத்துப் பழமையாக்கிய தோல் சுற்றிலும் ஒரே சீராகக் கருத்திருக்கும். மனிதத் தலை அப்படிச் சீராக வியர்ப்பதில்லை.

உள் துணி பொன்பழுப்பு நிற ரேயான். உச்சியில் சாய்சதுரமான செல்லுலாய்டு வியர்வைத் தடுப்பு, அதன் கீழே ஏரெல் என்ற முத்திரை. ஏரெல் என்பது பெர்லினைச் சேர்ந்த ராபர்ட் லூப்ஷ்டைன் நிறுவனத்தின் வணிகப் பெயர்; அவருடைய பெயரின் முதலெழுத்துகளை ஜெர்மன் உச்சரிப்பில் சொல்லிப் பார்த்தால் வரும் ஓசைதான் அது. நெற்றியில் அழுத்தம் தராத அமைப்பு, ஜெர்மன் அரசின் காப்புரிமை பெற்றது என்ற வாசகம் வியர்வைத் தோலில் அச்சாகியிருந்தது. இவ்வாசகம் அக்காலத்தின் நல்ல தரத் தொப்பிகளில் பரவலாகக் காணப்படுவதே. பெயர்பெற்ற முத்திரையும் இடம் மாறக்கூடியது என்பதால், செல்லுலாய்டைச் சுற்றியுள்ள தையல் துளைகளை லென்ஸில் எண்ணினேன். ஒரு நூலுக்கு ஒரு துளை. வேறு தொப்பியிலிருந்து வெட்டி எடுத்து ஒட்டிய முத்திரையானால் விளிம்பில் வெற்றுத் துளைகள் வரிசையாக நிற்கும், அல்லது உள் துணியில் பழைய செல்லுலாய்டின் வடிவம் நிறம் மாறாமல் எட்டிப் பார்க்கும். இங்கே இரண்டும் இல்லை.

இதுவரை கண்டதை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம்: தொப்பி உண்மையானது, 1930-களில் தைத்தது, முத்திரை அதற்குரியதே. குறிப்பில் உள்ள மூன்று கூற்றுகளில் தயாரிப்புக் காலம் பற்றியது நின்றுவிட்டது. பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். உண்மையான தொப்பி என்று தெரிந்த பிறகு மனம் தளர்ந்துவிடுகிறது. ஏமாற்றுபவர் நம்பியிருப்பதும் அந்தத் தளர்ச்சியையே. முழுப் போலி செய்வது கடினம், செலவும் மிகுதி. உண்மையான ஒன்றை எடுத்து, அதன் அடையாளத்தை மட்டும் மாற்றுவது எளிது.

அடுத்தது தாடைக்கயிறு. பக்கப் பொத்தான்கள் அதிகாரிகளுக்குரிய வெள்ளி நிறப் புள்ளி மேற்பரப்பு கொண்டவை. வலப்பொத்தானைச் சற்றே தூக்கிப் பார்த்தபோது, கீழே பட்டியின் கம்பளியில் அகலமான ஒரு வாரின் முனை பதிந்த தடம் தெரிந்தது. முன்மறைப்பு பட்டியோடு சேரும் மடிப்பில் கறுப்பு அரக்குத் துகள்கள் நீளவாக்கில் ஒட்டியிருந்தன. இந்தத் தொப்பி தொடக்கத்தில் தோல்வாரோடு விற்கப்பட்டது. அதாவது முதலில் அணிந்தவர் அதிகாரி அல்லர். கயிறு பின்னால் வந்தது.

ஆனால் எவ்வளவு பின்னால்? கயிற்றின் அடிப்புறம் முன்மறைப்பில் உரசிய இடத்தில் அரக்கின் மேல் மெல்லிய பளபளப்புக் கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டை அரக்கின் வயது வெடிப்புகள் குறுக்கே வெட்டிச் சென்றன. வெடிப்பு தோன்றுவதற்கு முன்பே கயிறு அங்கே இருந்து உரசியிருக்கிறது. அலுமினிய இழையும் சாம்பலாக மங்கியிருந்தது. பழைய வெள்ளியிழை கந்தகக் காற்றில் கருத்துப் போகும். 1930-களின் நடுவிலிருந்து பெருகிய அலுமினியக் கம்பி கருக்காது, ஒளி மட்டும் மங்கும். ஆகவே வார் போய்க் கயிறு வந்தது அக்காலத்திலேயே நடந்த மாற்றம், ஒருவரின் பதவி உயர்வின் தடம். இதைக் குறையாகக் கொள்ள முடியாது. என் கணக்கில் இது தொப்பியின் மதிப்பைக் கூட்டவே செய்கிறது.

பைப்பிங்கில்தான் ஆய்வின் பெரும்பகுதி நேரம் சென்றது. பகல் வெளிச்சத்தில் மூன்று வரிசையும் அழகான மங்கிய இளஞ்சிவப்பு. மங்கலும் நம்பும்படியாக இருந்தது. இளஞ்சிவப்பு பற்றிச் சந்தேகம் எழுந்தால் முதலில் நினைக்க வேண்டியது வெயில். பீரங்கிப்படையின் சிவப்பும், தலைமைப் பணிக்குழுவின் செங்கருஞ்சிவப்பும் நீண்ட காலம் ஒளியில் இருந்தால் வெளுத்து இளஞ்சிவப்பைப் போலத் தோன்றும். அப்படியானால் ஒளி படாத மடிப்பில் பழைய அடர் நிறம் இருக்க வேண்டும். பட்டியின் கீழ் விளிம்பில், முன்மறைப்பின் முனை சேரும் இடத்தில் தையல் சற்று நெகிழ்ந்திருந்தது. மழுங்கிய கம்பியால் அங்கே பைப்பிங்கைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே சிவப்பும் இல்லை, இளஞ்சிவப்பும் இல்லை. வெள்ளை.

பைப்பிங் என்பது மடித்துத் தைத்த ஒரு துணிக் கீற்று என்பது தையல் தெரிந்த எவருக்கும் தெரியும். மடிப்பின் வட்டமான முதுகு மட்டும் வெளியே தெரியும். இரண்டு ஓரங்களும் தையலுக்குள் புதைந்திருக்கும். தொழிற்சாலையில் சாயமிட்ட துணியை வெட்டி மடித்திருந்தால் புதைந்த ஓரங்களும் அதே நிறத்தில்தான் இருக்கும். வெயில் படாததால் இன்னும் ஆழமாகக்கூட இருக்கும். தைத்து முடித்த தொப்பியின் மேல் தூரிகையால் சாயம் ஏற்றினால் அது தையல் வரை ஊறி அங்கேயே நின்றுவிடும். இங்கே தையலுக்கு அப்பால் அரை மில்லிமீட்டருக்குள் இளஞ்சிவப்பு கரைந்து வெள்ளையாகிறது. பட்டியின் கரும்பச்சைக் கம்பளியில், பைப்பிங்கை ஒட்டிய இழைகளின் நுனிகள் சில இடங்களில் செம்மை பூண்டிருந்தன. வெறும் கண்ணுக்கு அது அழுக்குப் போலவே தெரியும்.

தையல் நூலும் சாட்சி சொன்னது. கம்பளிக்குரிய அமிலச் சாயம் விலங்கு இழையைப் பற்றும், பருத்தியைப் பற்றாது. எனவே அத்தகைய சாயம் தீட்டினால் கம்பளி சிவக்க, இடையில் உள்ள பருத்தி நூல் பெரும்பாலும் வெளிறியே நிற்கும். இங்கே நூலும் சிவந்திருந்தது. எல்லா இழையையும் ஒரே சீராகப் பற்றும் மையோ எழுதுகோல் வகைச் சாயமோ பயன்பட்டிருக்கிறது என்பதே இதன் பொருள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சை ஒரு மூலையில் சில நொடிகள் வைத்து எடுத்தேன். பஞ்சு வெளிர் ரோஜா நிறம் கொண்டது. இந்தச் சோதனையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது, ஏனெனில் பழைய உண்மையான சாயங்களிலும் சில ஈரத்தில் கசியும். மற்றச் சான்றுகளுக்குப் பக்கத்தில் வைத்தால்தான் அதற்கு எடை.

சாயம் ஏறிய காலத்தைச் சொன்னது ஒரு பூச்சி. மேல்வட்டத்தின் இடப்பக்கத்தில் அந்துப்பூச்சியின் புழு மேய்ந்த தடம் மேற்பகுதிக் கம்பளியிலிருந்து தொடங்கி, பைப்பிங்கைக் குறுக்கே கடந்து, பக்கவாட்டுத் துணியில் முடிந்தது. முழுதும் சாயமிட்ட பைப்பிங்கானால் மேய்ந்த பள்ளத்தின் அடியிலும் இளஞ்சிவப்பு இருக்கும், மேற்பரப்பின் அளவிலேயே. சாயம் பூசிய பிறகு புழு மேய்ந்திருந்தால் பள்ளத்தில் வெள்ளை தெரியும். இங்கே பள்ளம் மேற்பரப்பைவிட அடர்ந்த இளஞ்சிவப்பாக இருந்தது. சாயம் குழிக்குள் தேங்கி உலர்ந்திருக்கிறது. புழு முதலில், தூரிகை பிறகு. அணிந்து பராமரிக்கப்பட்ட அதிகாரியின் தொப்பியைப் புழு இப்படி நிதானமாக மேய்வதில்லை. கவனிப்பாரற்றுப் பெட்டியில் கிடந்த ஆண்டுகளின் வேலை அது. ஆகவே இளஞ்சிவப்பு அந்த ஆண்டுகளுக்கும் பிந்தியது.

இதற்கு மறுப்பாக ஒன்று சொல்லப்படலாம்: காலாட்படையிலிருந்து கவசப்படைக்கு மாறிய அதிகாரி ஒருவர் தம் தொப்பியின் நிறத்தை மாற்றியிருக்கக் கூடாதா? மாறியவர்கள் இருந்தார்கள், நிறம் மாற்றிய தொப்பிகளும் உண்டு. ஆனால் அந்த வேலையைத் தையற்காரர்தான் செய்வார், பழைய பைப்பிங்கைப் பிரித்து எடுத்துவிட்டுப் புதிய கீற்றை வைத்துத் தைப்பார். அப்படிச் செய்தால் இரட்டைத் துளைகளும் சற்றே மாறுபட்ட தையல் இடைவெளியும் மிஞ்சும், புதைந்த ஓரத்தில் புதிய நிறம் இருக்கும். இங்கே தையல் பிரிக்கப்படவே இல்லை. போதாக்குறைக்கு, அக்காலத்திலும் நிறமும் பிரிவும் எப்போதும் ஒன்றுக்கொன்று பொருந்தியதில்லை: 1-ஆம் குதிரைப்படை டிவிஷனிலிருந்து 1941–42 குளிர்காலத்தில் உருவான 24-ஆம் கவச டிவிஷன், தன் குதிரைப்படை மரபை நினைவுபடுத்தும் பொன்மஞ்சளை விடாமல் வைத்துக்கொண்டது. பொன்மஞ்சள் தொப்பியைக் கண்டதும் 'குதிரை வீரர்' என்று எழுதிவிடும் அவசரக்காரர்களுக்காக இதைச் சொல்கிறேன். இதற்கு நேர்மாறாக, மேற்பகுதி முழுதும் கறுப்பாக, இளஞ்சிவப்பு பைப்பிங்கோடு 'கவசப்படைத் தொப்பி' என்று வரும் ஷிர்ம்மூட்ஸக்களும் உண்டு. கவசப்படையின் கறுப்பு, வண்டிக்குள் அணியும் தனி உடைக்குரியது. அவர்களுடைய ஷிர்ம்மூட்ஸ மற்ற பிரிவினருடையதைப் போலச் சாம்பல் பச்சையே. கறுப்பில் வருவதைக் கையில் எடுக்காமலே திருப்பி அனுப்பிவிடலாம்.

இனிச் சின்னங்களுக்கு வருவோம். காகிதத்தை எடுத்துவிட்டு, வியர்வைத் தோலை மெல்ல வெளியே மடித்து, உள் துணிக்கும் முன்பக்கத் தடிப்புக்கும் இடையே பார்த்தால், கழுகின் கால்கள் எங்கே வளைந்து நிற்கின்றன என்பது தெரியும். உலோகச் சின்னத்துக்கு இரண்டு கால்கள், இரண்டு துளைகள். இங்கே நான்கு துளைகள் இருந்தன. நான்கு துளைகளைக் கண்டதும் தொப்பியைக் கீழே வைத்துவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். பொறுமையாகப் பார்த்தால் நான்கும் ஒரே வயதினவல்ல என்பது விளங்கும். இரண்டின் விளிம்பில் கம்பளி இழைகள் மீண்டும் பின்னிக்கொண்டு, தூசு அடைத்து, ஒன்றைச் சுற்றிச் செம்புக் கலவைக் காலின் பச்சைக் களிம்பு வட்டமாகப் படிந்திருந்தது. மற்ற இரண்டும் சுத்தமாக, இழைகள் உள்நோக்கி வளைந்தபடி, நேற்று குத்தியவை போல இருந்தன. இப்போதைய கழுகு நிற்பது இந்தப் புதிய இரண்டில்தான்.

கழுகை நீக்கியபோது கீழே மூன்றாவது ஒரு தடம் கிடைத்தது, ஆய்வின் மிகச் சுவையான பகுதி இதுவே. இப்போதைய கழுகின் இறக்கையைவிட அகலமான ஒரு வடிவத்தின் ஓரம் நெடுக ஊசித் துளைகள் புள்ளிக்கோலம்போலச் சென்றன. அந்த வடிவத்துக்குள் கம்பளியின் நிறம் சுற்றுப்புறத்தைவிடச் சற்றே அடர்த்தி. அங்கே ஒரு காலத்தில் கம்பி வேலைப்பாட்டுக் கழுகு தைக்கப்பட்டிருந்தது. அதிகாரிகள் உலோகச் சின்னமோ கையால் செய்த கம்பி வேலைப்பாட்டுச் சின்னமோ எதையும் அணியலாம். உலோகக் கழுகோடு கம்பி வேலைப்பாட்டு வளையம் சேர்ந்த கலப்பும் அக்காலத்துத் தொப்பிகளில் அடிக்கடி காணப்படுவதுதான். ஆகவே கலப்பே ஒரு குற்றமல்ல. ஏமாற்றியவர் அதைத் தெரிந்தே அந்த நிழலில் ஒதுங்கியிருக்கிறார். ஆனால் கழுகு இருந்த இடத்தின் கம்பளி முழுதும் நிறம் மாறாமல் இல்லை, பாதி வெளுத்திருந்தது. கழுகு போன பிறகும் தொப்பி வெறுமையாக ஒளியில் பல காலம் இருந்திருக்கிறது.

தடங்களை வரிசையாக வைத்தால் கதை தானே வெளிப்படுகிறது. முதலில் தோல்வாரும் உலோகச் சின்னமும் கொண்ட கீழ்நிலை அலுவலரின் தொப்பி, அதன் சான்று பழைய இரண்டு துளைகள். பதவி உயர்ந்தபோது கயிறும் கம்பி வேலைப்பாட்டுக் கழுகும் வளையமும் ஏறின. வளையம் இன்றும் இருக்கிறது. அதன் அடியிலும் ஒரு பழைய கால்துளை கைக்குத் தட்டுப்படுகிறது. பிறகு கழுகு மட்டும் பிரித்தெடுக்கப்பட்டது. 1945-க்குப் பின் ஸ்வஸ்திகா உள்ள சின்னத்தை நீக்கிவிட்டுத் தொப்பியை வைத்துக்கொண்டவர்களும், கழுகை மட்டும் நினைவுப் பொருளாகப் பிய்த்துக்கொண்ட நேச நாட்டுப் படைவீரர்களும் ஏராளம். அதன் பின் பெட்டியும் பூச்சியும். கடைசியாக, அண்மையில், ஒரு கழுகும் ஒரு புட்டிச் சாயமும்.

அந்தக் கழுகைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. போருக்கு முந்தைய உலோகக் கழுகுகள் தகட்டில் அச்சுக்கொண்டு அழுத்தியவை. லூடன்ஷைட் நகரத்து ஆலைகள் இவ்வேலையில் பெயர்பெற்றவை. தகட்டை அழுத்தினால் முன்பக்கத்தின் மேடு பின்பக்கத்தில் பள்ளமாக இருக்கும், இறகின் கோடுகள் கத்தி வெட்டாக இருக்கும். இது வார்த்தெடுத்தது: பின்பக்கம் தட்டையாக மணல்பரப்புப் போல, இறகு நுனிகள் கரைந்தாற்போல் மழுங்கி, கழுத்தின் கீழே ஊசிமுனையளவு காற்றுக் குமிழி. ஸ்வஸ்திகாவின் கைகளுக்கு இடையிலும் உலோகம் சரியாக வழித்தெடுக்கப்படவில்லை. ஜெர்மனியில் அரசியலமைப்புக்கு எதிரான அமைப்புகளின் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது தண்டனைச் சட்டத்தின் 86அ பிரிவின்படி தடைக்குரியது. வரலாற்று ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே அந்நாட்டு விற்பனைப் பட்டியல்களின் படங்களில் கழுகின் அந்தப் பகுதியை மறைத்தே அச்சிடுகிறார்கள். சட்டத்தின் நோக்கம் சரியானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எனினும் வார்ப்பா அழுத்தமா என்று எளிதில் காட்டிக்கொடுக்கும் இடமும் அதுவே என்பதால், படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர் இந்தச் சான்றை இழக்கிறார். பின்பக்கத்தின் படத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

புற ஊதா விளக்கைக் கடைசியில்தான் எடுத்தேன், காரணத்தோடுதான். இத்துறையில் அந்த விளக்கு ஒரு மந்திரக்கோலாக மதிக்கப்படுகிறது: நூல் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் போலி, ஒளிராவிட்டால் அசல் என்று. ஒளிர்வதற்குக் காரணம், போருக்குப் பின் துணியிலும் சலவைத் தூளிலும் பரவலான ஒளியூட்டிச் சாயங்கள். உண்மையான தொப்பியை 1970-இல் ஒருவர் சலவைத் தூள் கலந்த நீரில் துடைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஒளியூட்டி இல்லாத நூலால் இன்று தைத்த போலி ஒளிராது. செயற்கை இழை என்றாலே போருக்குப் பிந்தியது என்பதும் அரைகுறை உண்மைதான், ஏனெனில் நைலான் இனத்தைச் சேர்ந்த பெர்லான் இழையை பவுல் ஷ்லாக் 1938-லேயே ஜெர்மனியில் கண்டுபிடித்துவிட்டார். பாலியஸ்டர் நூலானால் மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அது 1941-இல் பிரிட்டனில் உருவாகி, 1950-களில்தான் கடைக்கு வந்தது. இத்தொப்பியில் வியர்வைத் தோலின் தையல், உள் துணியின் தையல், வளையத்தின் தையல் மூன்றும் மந்தமாக இருந்தன. கழுகுக்கு நேர் பின்னே, உள் துணியின் விளிம்பைத் திரும்ப மூடிய நான்கு சென்டிமீட்டர் கைத்தையல் மட்டும் இருட்டில் விளக்குப்போல எரிந்தது. சுற்றிலும் ஒளிராத நூல்களின் நடுவே அந்த ஒரு துண்டு ஒளிர்ந்ததால்தான் அது சான்றாயிற்று; தனியாக ஒளிர்ந்திருந்தால் நான் அதைக் குறித்துக்கொண்டு கடந்திருப்பேன்.

கழற்றக்கூடிய உறுப்பை நம்பக் கூடாது என்பதற்குக் கடற்படைத் தொப்பிகள் இன்னும் கூர்மையான எடுத்துக்காட்டு. மாலுமியின் தொப்பியில் கப்பலின் பெயர் நெய்த நாடா சுற்றியிருக்கும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டுவிட்டுச் சென்று, 'எம்டன்' என்ற சொல்லையே நம் பேச்சுக்குக் கொடுத்த கப்பலின் நாடா என்றால் யாருக்கும் கை நடுங்கும். ஆனால் அக்கப்பல் அதே ஆண்டு நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளில் அழிந்தது. அதே பெயரில் பின்னும் கப்பல்கள் வந்தன. பேரரசுக் கால நாடாவின் எழுத்து லத்தீன் பேரெழுத்து. 1930-களின் எம்டன் நாடாவில் கோதிக் எழுத்து. இரண்டாம் போர்க்காலத்தில் கப்பல் பெயரே இல்லாமல் கடற்படை என்ற பொதுச் சொல் மட்டும். நாடா அசலாக இருந்தாலும், அது எந்தத் தொப்பியில் எப்போது சுற்றப்பட்டது என்பதற்கு நாடா சாட்சியல்ல. தரைப்படையில் இதற்கு இணையானது, அதிகாரிகளின் பழைய வகைக் களத்தொப்பி. கயிறும் உள்கம்பியும் இல்லாமல், வளையும் தோல் முன்மறைப்போடு வரும் அந்த மென்மையான தொப்பிக்கு விலை அதிகம் என்பதால், சாதாரண ஷிர்ம்மூட்ஸயின் கம்பியை உருவி, கயிற்றைக் கழற்றி விற்பார்கள். முன்மறைப்பு விறைப்பாக நிற்கும், பட்டியின் இரு பக்கமும் பொத்தானின் துளை இருக்கும். பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடலாம்.

விற்றவரின் மூன்று கூற்றுகளுக்குத் திரும்பினால், போருக்கு முந்தையது என்பது உண்மை. கவசப்படை என்பது தவறு. இது காலாட்படைத் தொப்பி. எதுவும் மாற்றப்படாதது என்பதில், இரண்டு மாற்றங்களைக் காண்கிறோம்: ஒன்று அக்காலத்தில் ஓர் அலுவலர் அதிகாரியானபோது நிகழ்ந்தது, மற்றொன்று அண்மையில் பணத்துக்காக நிகழ்ந்தது. சாயத்தை நீக்கி வெள்ளையை மீட்கலாமா என்று சேகரிப்பாளர் கேட்டார். கூடாது என்றேன். சாயம் நீக்கும் எந்தத் திரவமும் பட்டியின் கரும்பச்சையைச் சிதைக்கும்; வெள்ளைக் கம்பளியும் பழைய வெள்ளையாகத் திரும்பாது; அண்மையில் செய்த ஒரு தலையீட்டின் மேல் இன்னொன்று சேரும். வார்ப்புக் கழுகையும் அதன் அடியில் இருந்த ஒளிரும் நூலையும் தனி உறையில் இட்டுத் தொப்பியோடு வைத்தேன். கழுகின் இடம் இப்போது வெறுமையாக இருக்கிறது, ஊசித் துளைகளின் கோலம் மட்டும் தெரிகிறது.

பதிவட்டையில் எழுதியது: 'தரைப்படை, காலாட்படை, ஷிர்ம்மூட்ஸ, ஏரெல், பெர்லின், 1930-கள். முதலில் கீழ்நிலை அலுவலர், பின்னர் அதிகாரி. கயிறும் வளையமும் அக்காலத்தவை. கம்பி வேலைப்பாட்டுக் கழுகு இல்லை. பைப்பிங் மூன்று வரிசையும் பிற்காலத்தில் இளஞ்சிவப்பாகச் சாயமிடப்பட்டவை. அசல் நிறம் வெள்ளை, இடப்பக்க முன்மறைப்பு முனையின் தையலுக்குள் காணலாம்.'